குறையெண்

பதிகம் பாடும்போது ‘குறை’ என்னும் சொல் வருமிடத்தில் என் குரல் சற்றே தாழ்ந்துவிடும். அடியார்களின் பாடல்களிலோ அந்தச் சொல்லுக்குப் பஞ்சமில்லை. குறை சொல்லி அழுவார்கள், குறை தீர்க்கவில்லையே என்று இறைவனோடு வழக்காடுவார்கள், தீர்ந்த பின்னர் அந்தக் குறையையே நினைந்து உருகுவார்கள். கோயிலில் உடனிருந்து கேட்பவர்கள் என் குரல் தாழ்வதைப் பக்தி என்று எண்ணிக்கொள்கிறார்கள். மறுத்துச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. பத்து வயதில், ஒரு வைகாசி மாதத்துப் பிற்பகலில், அந்தச் சொல்லை நான் அம்மாள் சந்நிதியில் நின்று உரக்கச் சொன்னேன். அன்றைய வெட்கம் இன்னும் தொண்டையை விட்டு இறங்கவில்லை.

எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவியின் மேற்கே, சூரியன் படுகின்ற பக்கமாகையால் படுவான்கரை என்று பெயர்பெற்ற கரையில் இருக்கிறது. பட்டினத்துக்குப் போகிறவர்கள் வாவியைக் கடந்தாக வேண்டும். ஆட்களையும் சைக்கிள்களையும் நெல் மூட்டைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஊர்ந்துகொண்டிருக்கும் தட்டையான மிதவையை நாங்கள் ‘பாதை’ என்போம். அக்கரையில் பாதை அணைகின்ற இடத்தில் அந்நாட்களில் இராணுவத்தின் காவலரண் இருந்தது.

பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணன் முறையானவர், நீர் இறைக்கும் இயந்திரத்துக்கு ஒரு வார்ப்பட்டி வாங்கிவரவென்று ஒரு காலையில் அந்தப் பாதையில் ஏறிப் போனார். மாலையில் பாதை திரும்பி வந்தது, அண்ணன் வரவில்லை. காவலரணில் மறித்து வைத்ததைக் கண்டதாக ஒருவர் சொன்னார். இல்லை, பஸ்ஸில் ஏறியதைத் தாம் கண்டதாக இன்னொருவர் சொன்னார். முகாம்களின் வாசலில் போய் நின்றபோது அப்படி ஒருவர் எங்களிடம் இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். மனிதர்கள் கைவிரித்த பின்னர் பெரியம்மா தெய்வங்களிடம் கேட்கத் தொடங்கினார். உருவேறியவர் வாயிலாகத் தெய்வத்தின் வாக்கைக் கேட்பதை எங்கள் பக்கத்தில் ‘கட்டுக் கேட்டல்’ என்பார்கள். கட்டுச் சொல்கின்ற கோயில் எங்கே இருந்தாலும் பெரியம்மா அங்கே போனார். வடக்கே இருக்கிறான் என்றது ஒரு கோயில். நீருக்கு அப்பால் இருக்கிறான் என்றது மற்றொன்று. வாவிக்கரை ஊரிலிருந்து பார்த்தால் உலகம் முழுவதும் நீருக்கு அப்பால்தானே. ஆயினும் பெரியம்மா ஒவ்வொரு வாக்கையும் முந்தானையில் முடிந்துகொண்டு வந்தார். மகன் உயிரோடிருக்கிறானா, வருவானா என்பதற்கு ஒரு சொல் வேண்டியிருந்தது அவருக்கு. வேறொன்றும் அவர் யாரிடமும் கேட்கவில்லை.

என் தாயின் தம்பியாகிய மாமா, அக்காலத்தில் பல்கலைக்கழகத்துப் படிப்புப் பாதியில் நின்றுபோக ஊரில் இருந்தார். கணிதம் படிக்கப் போனவர். திறப்பதும் மூடுவதுமாக இருந்த கல்விச்சாலையை நம்பியிராமல் திரும்பி வந்துவிட்டார். வட்டையில், அதாவது எங்கள் வயல்வெளியில், விளைந்த நெல்லுக்குக் காவலாக அவரை அனுப்புவார்கள். அவரோ வரம்பில் குந்தியிருந்து பெரிய பெரிய எண்களை எடுத்துச் சிறிய எண்களால் பிரித்துக்கொண்டிருப்பார். எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுத்தலைப் பிரித்தல் என்றுதான் சொல்லுவோம். அவர் பிரித்து முடிப்பதற்குள் கிளிகள் நெல்லைத் தின்று முடித்துவிடும்.

“கிளிக்குக் கணக்குப் படிப்பிச்சிட்டு வந்திரிக்கான் எண்ட தம்பி,” என்பார் அம்மா.

எண்களுக்கும் பிறவிக்குணம் உண்டு என்பது மாமாவின் கட்சி. ஓர் எண்ணை மிச்சமில்லாமல் பிரிக்கின்ற எண்களுள் அந்த எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றையெல்லாம் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை அந்த எண்ணுக்கே சமமானால் அது நிறையெண். ஆறு அப்படிப்பட்டது. ஒன்றும் இரண்டும் மூன்றும் அதைப் பிரிக்கும், கூட்டினால் ஆறே வரும். ஆறுமுகனுக்கு உகந்தது சும்மாவா என்பார். தொகை மிஞ்சினால் மிகையெண், குறைந்தால் குறையெண். முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே வருகின்ற எண்ணுக்கு அவர் மாலைமாற்று என்று பெயர் வைத்திருந்தார். பாட்டுக்குரிய பெயரை எண்ணுக்குச் சூட்டியதில் எனக்கும் பெருமை. அந்த வயதிலேயே பதிகங்களைப் பொருள் தெரியாமல் ஒப்புவிப்பதில் ஊரில் எனக்குப் பெயர் இருந்தது.

அந்த வகைகளுள் என் மனத்தைத் தொட்டவை நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று இரட்டித்துப் போகின்ற எண்கள்தாம். எட்டைப் பிரிப்பவை ஒன்று, இரண்டு, நான்கு; கூட்டினால் ஏழு. பதினாறுக்குக் கூட்டினால் பதினைந்து. எவ்வளவு தூரம் போனாலும் ஒன்று குறைந்துகொண்டே வரும். “பாவம், ஒண்டே ஒண்டு இரிந்தா நிறைஞ்சிரிக்கும்,” என்று மாமா சொல்லும்போது அந்த எண்களுக்காக எனக்குக் கண் கலங்கும். மனிதர்களுக்காகக் கலங்கக் கற்றுக்கொண்டது அதற்கு மிகவும் பிந்தி.

அந்த ஆண்டு அம்மாள் கோயிலின் வைகாசிச் சடங்குக்கு, அதாவது ஆண்டுத் திருவிழாவுக்கு, கூத்து இல்லை. கூத்துப் பழக்குகின்ற அண்ணாவியாரும் ஆட்டக்காரரும் ஊர்விட்டு ஊர் வருவது இயலாத காலம். பொழுது பட்டால் ஊரடங்கு. மத்தியானப் பூசைக்கும் மாலைப் பூசைக்கும் இடையில் கூடியிருக்கின்ற சனத்தை என்ன செய்வது என்று கோயில் நிர்வாகத்துக்குத் தலைவரான வண்ணக்கர் கவலைப்பட்டார். அப்போது மாமா சொன்னார்:

“எண் அவதானம் வைப்பம் வண்ணக்கர். எங்கட மருமகள் பதிகமும் படிப்பாள், எவ்வளவு பெரிய எண்ணச் சொன்னாலும் அது என்ன சாதி எண்டும் சொல்லுவாள்.”

“எண்ணுக்கும் சாதியா? அதையுமா விட்டுவைக்கல்ல?” என்றார் வண்ணக்கர். ஆனாலும் சம்மதித்தார்.

அதில் இருந்த தந்திரத்தை இப்போது சொல்லிவிடலாம். இரட்டை எண்ணாயிருந்து இலக்கங்களின் கூட்டுத்தொகையை மூன்று பிரித்தால் தயங்காமல் மிகையெண் என்று சொல்ல வேண்டும். ஒற்றை எண்ணாயிருந்தால் குறையெண் என்று சொல்ல வேண்டும். ஒற்றை எண்களில் மிகையெண் மிகமிக அரிது. மற்றவற்றுக்கு வாயில் வந்ததைச் சொல்லலாம். கூட்டத்தில் யாரும் பிரித்துப் பார்க்கப் போவதில்லை. “பிழை பிடிக்க ஏலாத கேள்விக்குத்தான் நாம விடை சொல்றம் புள்ள. பயப்பிடாத,” என்றார் மாமா. கண்ணை மூடி ஒரு பதிகத்தின் அடியைப் பாடிவிட்டு விடையைச் சொல்லும்படியும் அவர்தான் சொன்னார். கணக்குப் பார்க்க நேரம் கிடைக்கட்டும் என்றுதான் பாட்டு. பாட்டு வேறொன்றாகவும் பார்ப்பவர்களுக்குத் தோன்றும் என்பதை அவர் எண்ணிப் பார்த்தாரோ இல்லையோ, நான் எண்ணிப் பார்க்கவில்லை.

இவற்றுக்கு மேல் மனனம் செய்த எண் ஒன்று இருந்தது. அதைக் கேட்பதற்கு ஓர் ஆளும் இருந்தார். ஏறாவூரிலிருந்து சடங்குக்குக் கண்ணாடிக் காப்பு வியாபாரத்துக்கு வருகின்ற முஸ்லிம் பெரியவர்; நாங்கள் மரியாதையாகக் ‘காக்கா’ என்போம், மாமாவின் கூட்டாளி. தலையில் தொப்பியும் தோளில் காப்புக் கோவைகளுமாக அவர் சனத்தின் நடுவே எழுந்து, ஒன்றும் அறியாதவரைப் போலக் கேட்டார்:

“புள்ள, உங்கட ஆக்கள் சொல்றாங்களே, மொத்தப் பிறவி எண்பத்தி நாலு லட்சம் எண்டு. அந்த எண்ணு என்ன மாதிரி?”

பெரியவர்கள் வியந்து அவரைப் பார்த்தார்கள். தாவரம் இருபது லட்சம், ஊர்வன பதினொன்று, நீர்வாழ்வனவும் பறவையும் நாற்கால் விலங்கும் பப்பத்து, தேவர் பதினான்கு, மானுடம் ஒன்பது என்று எழுவகைப் பிறவியின் தொகை அது. நான் கண்ணை மூடினேன். பாடினேன். பின்னர் ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்:

“இரட்டை எண். மிகையெண். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு எண்கள் இதை மிச்சமில்லாமல் பிரிக்கும். ஒன்று முதல் பத்து வரை உள்ளவற்றில் ஒன்பதைத் தவிர எல்லாம் பிரிக்கும். ஒன்பது மட்டும் பிரிக்காது. ஒன்பது லட்சம் மானுடப் பிறவி.”

பெண்கள் பக்கமிருந்து குரவையொலி எழுந்தது. மனிதன் மாத்திரம் கணக்குக்குள் அடங்காதவன் என்று மாமா பொருள் விரித்தார். வண்ணக்கர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். காக்காவோ தமக்குக் கொடுத்த வேலை முடிந்த பிறகும் உட்காரவில்லை.

“அப்ப சடங்குக்கு வந்து காப்பு வாங்காமப் போற மனுசர் எந்தப் பிறவிக்குள்ள புள்ள?”

“அத உங்கட காப்பு உடையாம இரிந்தா யோசிப்பம்,” என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அதன் பின்னர் எண்கள் மழையாக வந்தன. ஒருவர் தம் வட்டையில் விளைந்த நெல்லைச் சொன்னார். சின்னப் பையன் ஒருவன் இருபத்தெட்டு என்றான். நிறையெண் என்றதும் அவனைத் தூக்கிக் கொண்டாடினார்கள். ஒருவர் தடுமாறித் தடுமாறிச் சொன்ன எண் மாலைமாற்றாக அமைந்துவிட்டது. நான் கண்ணை மூடித் திறக்கின்ற ஒவ்வொரு முறையும் சனம் சற்றே நெருங்கி வந்தது. ஒரு தாய் தன் கைக்குழந்தையின் தலையில் என் கையை எடுத்து வைத்தாள். “பிள்ளையில அம்மாள் நிக்கிறா,” என்று யாரோ மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது. மாமாவுக்கும் கேட்டிருக்கும். அவர் மறுக்கவில்லை. எனக்கு அது மிகவும் இனித்தது.

அப்போதுதான் பெரியம்மா முன்னே வந்தார். கோயில் கிணற்றில் முழுகிய ஈரம் காயாத கூந்தல். கைகள் குவிந்திருந்தன. என் பெரியம்மா என்னைக் கும்பிட்டுக்கொண்டு வருவதைக் கண்டு எனக்குச் சிரிப்பு வரப்பார்த்தது.

“ஒரு எண் சொல்றன் மனே. அது என்னெண்டு பாத்துச் சொல்லு.”

மகனானாலும் மகளானாலும் எங்கள் பக்கத்தில் ‘மனே’தான். எழுத்துக் கூட்டவும் தெரியாத பெரியம்மா எண் கேட்க வந்ததே அதிசயம். அவர் தொடங்கினார். மும்மூன்று இலக்கங்களாக, இடையில் மூச்சு விட்டு, சீர் பிரித்துப் பாடுவதைப் போல, ஒன்பது இலக்கங்களைத் தட்டுத் தடங்கலில்லாமல் சொன்னார். அந்த எண்ணை இங்கே நான் எழுதப் போவதில்லை. ஏழில் முடிந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் வந்தது. இது ஒத்திகையில் இல்லாத எண். இவ்வளவு நீளமான எண்ணை யாரும் கேட்டிருக்கவில்லை. இருந்தாலும் கடைசி இலக்கம் ஏழாயிற்றே. கண்ணை மூடினேன், பாடினேன், திறந்தேன்.

“ஒற்றை எண். குறையெண்.”

நான் எதிர்பார்த்த குரவை எழவில்லை. பெரியம்மாவின் உதடுகள் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தன. பிறகு கேட்டார்:

“எவ்வளவு குறை, மனே?”

அந்தக் கேள்வியை யாரும் கேட்பார்கள் என்று மாமா எனக்குச் சொல்லித்தரவில்லை. நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. முகம் வெளிறிக் குனிந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முழு மண்டபமும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மாள் நிற்கின்ற பிள்ளை தெரியாது என்று சொல்லலாமா? நான் மீண்டும் கண்ணை மூடினேன். இருட்டில் எட்டும் பதினாறும் முப்பத்திரண்டும் வரிசையாக வந்து நின்றன.

“ஒன்று,” என்றேன். “ஒன்றுதான் குறை.”

பின்வரிசையில் ஒரு சிரிப்பு வெடித்தது. பட்டினத்தில் உயர்தர வகுப்பில் கணிதம் படித்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் இளைஞன் ஒருவன். “ஒத்தை எண்ணுக்கு ஒண்டு குறையிறதா? எங்கயும் இல்லாத கதை! இந்தப் புள்ள அடிச்சு விடுது...”

அவன் முடிக்கவில்லை. காப்புக் கோவைகள் கலகலக்கப் பாய்ந்து போய்க் காக்கா அவனுடைய வாயைப் பொத்தினார். “பேசாம இரி தம்பி. என்ட ரப்பே, பேசாம இரி.” எதற்கும் சிரிக்கின்ற அந்த மனிதரின் முகத்தில் அப்போது சிரிப்பு இல்லை.

பெரியம்மாவின் காதில் இது ஒன்றும் விழுந்ததாகத் தெரியவில்லை. என் முகத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். கிணற்று நீரும் திருநீறும் சேர்ந்த மணம்.

“ஒண்டுதானே மனே? ஒண்டு எண்டா நான் எப்பிடியும் நிறைச்சிருவன்.”

என்னைக் கொஞ்சிவிட்டு, சந்நிதிக்கு நேரே விழுந்து கும்பிட்டுவிட்டு, வந்த வழியே போனார். “இண்டைக்குப் போதும்,” என்று சொல்லி மாமா என்னை மண்டபத் திண்ணையிலிருந்து கீழே இறக்கினார். பெண்கள் வரிசையில் அம்மா வாயைச் சேலைத் தலைப்பால் மூடி அழுதுகொண்டிருந்தார். சற்று முன்வரை நெருங்கி நெருங்கி வந்த சனம் விலகி வழிவிட்டது. ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

நான் விளங்கிக்கொண்டது இதுதான்: என் பொய் பிடிபட்டுவிட்டது. அந்த இளைஞன் சிரித்ததில் ஊருக்கே தெரிந்துவிட்டது. மாமாவுக்குத் தலைகுனிவு, அம்மாவுக்கு அழுகை, எல்லாம் என்னால். வெட்கத்தால் இரண்டு நாள் காய்ச்சல் கண்டது.

அங்கிருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் விளங்கியது எனக்கு மட்டும் விளங்கவில்லை. பெரியம்மா சொன்னது அண்ணனின் அடையாள அட்டை எண். அட்டை அண்ணனோடு போய்விட்டது. எண் மட்டும் பெரியம்மாவிடம் மிஞ்சியிருந்தது. ஊர்ப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலரான விதானையாரிடம் கேட்டு வாயால் பாடமாக்கி, முகாம் வாசல்தோறும் அதைச் சொல்லித்தான் மகனை விசாரித்துக்கொண்டிருந்தார். பெயரைச் சொன்னால் அப்படிப் பல பேர் இருக்கிறார்கள் என்பார்கள்; எண்ணுக்கு ஆள் ஒருவன்தானே. தமக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் அந்த எண்ணை அக்காவுக்காக எடுத்துச் சொன்னவர் மாமா. முதல் மூன்று இலக்கங்களிலேயே அவருக்குத் தெரிந்திருக்கும். எல்லாக் காவலரண்களையும் தாண்டி வியாபாரம் செய்கின்ற காக்காவுக்கும் அத்தகைய எண்ணின் ஓசை தெரியும். பதினாறு வயதாகாத எனக்கு அட்டையில்லை. ஆகவே அந்த ஓசையும் தெரியாது.

பெரியம்மா நிறைக்கத் தொடங்கினார். எந்த ஒன்று குறைகிறது என்பதை நான் சொல்லவில்லை அல்லவா? ஆகவே ஒவ்வொன்றாகச் செய்தார். வீடு வீடாகச் சென்று மடிப்பிச்சை எடுத்து அம்மாளுக்குப் பொங்கினார். அது இல்லைப் போலும் என்று கற்பூரச்சட்டி ஏந்தினார். அடுத்த ஆடியில் தீ மிதித்தார். ஒவ்வொரு நேர்த்தியும் முடிந்த மறுநாள் காலையில் துறைக்குப் போய், பாதையில் வந்து இறங்குகின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு நிற்பார். வெயில் ஏறிய பின்னர் எங்கள் வேலியோரமாகத் திரும்பி வருவார். வருகின்றபோதெல்லாம் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, “ஒண்டுதானே குறை, மனே?” என்பார்.

என் பிழையைக் குத்திக் காட்டுகிறார் என்று நான் நினைத்தேன். அந்த இளைஞனைப் போலவே பெரியம்மாவும் கேலி செய்கிறார், ஊர் மறந்தாலும் இவர் மறக்கவிடமாட்டார் என்று நினைத்தேன். அவருடைய குரல் எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையின் முனையில் கேட்டவுடனே மாட்டுக்கொட்டிலுக்குள் ஓடி ஒளிந்துகொள்வேன்.

மாமா வேறுவிதமாக என்னை வெட்கப்படுத்தினார். கழிந்துபோன நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அந்த ஒன்பது இலக்க எண்ணை எழுதி, வாரக்கணக்காகப் பிரித்துக்கொண்டிருந்தார். மூன்றால், ஏழால், பதினொன்றால், பதின்மூன்றால் என்று தொடங்கி, வேறெந்த எண்ணாலும் பிரிபடாத எண்களாக எடுத்து எடுத்து, இருபத்தாறாயிரம் வரைக்கும் போனார். அதற்கு மேல் போகத் தேவையில்லையாம். இராப் பகலாகச் சாப்பாட்டையும் மறந்து என் பிழையை நிறுவப் பாடுபடுகிறாரே என்று நான் மனம் நொந்தேன். எந்த ஒன்று என்று பார்த்துச் சொல்லு தம்பி என்று பெரியம்மா அவரைக் கேட்டிருந்தார். சொல்வதற்கு ஏதாவது கிடைக்காதா என்றுதான் அவர் தேடிக்கொண்டிருந்தார். இதைப் பல ஆண்டுகளின் பின்னர் அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

ஒரு காலையில் அவர் கரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பெரியம்மாவிடம் போனார். நான் பின்னாலே போய் வேலிக்குள்ளால் கேட்டேன்.

“அக்கா, அத ஒண்டாலயும் பிரிக்க ஏலாது.”

பெரியம்மா உரலில் அரிசி இடித்துக்கொண்டிருந்தவர் உலக்கையை நிறுத்தினார்.

“அது எனக்குத் தெரியாதா தம்பி? பெத்தவள் நான். எங்கள ஆர் பிரிக்கிற?”

சொல்லிவிட்டுச் சிரித்தார். அண்ணன் போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். மாமாவும் சிரித்தார், அல்லது எனக்கு அப்படிக் கேட்டது. இருவரும் சேர்ந்து என்னை நினைத்துச் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நான் வீட்டுக்கு ஓடினேன்.

பதினாறு வயதில் எனக்கும் அடையாள அட்டை வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பாதையில் அக்கரைக்குப் போன முதல் நாள், அட்டையைக் கையில் வாங்கிய சிப்பாய் எண்ணைச் சொல்லச் சொன்னான். பாடமாக்கி வைத்திருந்தேன். மும்மூன்றாக, இடையில் மூச்சு விட்டுச் சொன்னேன். மூன்றாவது மூச்சில் என் குரலுக்குள் பெரியம்மாவின் குரல் கேட்டது. சிப்பாய் அட்டையைத் திருப்பித் தந்துவிட்டான். நான் வாங்காமல் நின்றேன். பின்னால் நின்றவர்கள் என்னைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள்.

அண்ணனுடையதைப் போல எந்த எண்ணாலும் பிரிபடாததை முதன்மை எண் என்று அதற்குள் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். தன்னை விட்டால் அதைப் பிரிப்பது ஒன்று மாத்திரமே. ஆகவே மாமாவின் வகைப்படி கூட்டிப் பார்த்தால் வருகின்ற தொகையும் ஒன்றே. அது குறையெண் என்று நான் சொன்னது சரிதான். ஒன்றுதான் குறை என்று சொன்னதுதான் பொய். அதனிடம் இருந்தது ஒன்றே ஒன்று; மற்றதெல்லாம் குறை. அந்த ஒன்று கற்பூரச்சட்டியை ஏந்திக்கொண்டு ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தது.

பெரியம்மா இப்போது இல்லை. அவர் செய்யாமல் விட்ட நேர்த்தி என்று எங்கள் பகுதிக் கோயில்களில் ஒன்றும் இல்லை. எண்பத்து நான்கு லட்சத்தையும் ஒரே மூச்சில் பிரித்துச் சொன்ன அந்தச் சிறுமி, ஒழுங்கையில் கேட்ட குரல் கேலியா கேள்வியா என்பதைப் பிரித்தறியாமல் இருந்தாள். நேர்த்திக்குப் பின் நேர்த்தியாகச் செய்து களைத்து, இன்னும் ஒன்றுதானா, வேறும் உண்டா என்று, சொன்ன வாயிடமே அவர் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். நான் வைக்கோலுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர் எப்போது போவார் என்று காத்திருந்தேன். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்.